கடல்கட்டியும் கயிறு பிடித்தவரும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்க இறங்கியவருக்கு இரண்டு காவல்கள் இருந்தன. வள்ளத்தின் விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் ஒருவர். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி இன்னொருவர். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இந்த இரண்டு காவல்களையும் சேர்த்தே நம்பிப் பல நூற்றாண்டுகள் கடலில் குதித்திருக்கிறார்கள். மேலே இருப்பவன் காப்பான் என்று நம்புகிறவருக்குக் கயிறு எதற்கு? கயிறு இருக்கும்போது மந்திரம் எதற்கு? உயிருக்கு ஆபத்தான எந்தத் தொழிலிலும் எழக்கூடிய கேள்விதான் இது. ஆனால் முத்துக்குளித்துறையில் இதற்கு விடை தேட வேண்டிய தேவை குளிக்கிற நாள்தோறும் இருந்தது.

குளிப்பு நடந்த முறையை முதலில் பார்க்க வேண்டும். முத்துச்சிப்பி படிந்திருக்கும் பார்கள் பெரும்பாலும் ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் கிடந்தன. கடல் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு ஏற்றவை. குளியாள் ஒரு கனத்த கல்லைக் கட்டிய கயிற்றின் வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொள்வார். வலைப்பையை இன்னொரு கயிற்றில் கட்டியிருப்பார்கள். மூச்சை நன்றாக இழுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டதும் கல் விடப்படும். சில நொடிகளில் தரை. கால் தட்டியவுடன் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். குளியாள் சிப்பிகளை வாரிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மேலே நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள் இருந்து மாறி மாறி இறங்குவார்கள்.

கயிறு பிடித்தவரின் வேலை கை வலுவோடு முடிந்துவிடுவதில்லை. பத்துப் பாக ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து கரையில் உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் உடலுக்குப் போதுமானதாகத் தோன்றும். மேலே ஏற ஏற அழுத்தம் விழும், ஆக்சிஜனும் அதோடு சட்டென்று விழும். இறங்குமுன் மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுமுட்டலை உணர்த்துவது உடலில் சேரும் கரியமிலவாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால் எச்சரிக்கை வருமுன்பே நினைவு தப்பிவிடும். அப்படி நினைவு தப்புவது பெரும்பாலும் அடியில் நடப்பதில்லை, மேற்பரப்பை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று பாகத்தில்தான் நடக்கிறது. தரையில் சிப்பி வாரும்போது தெளிவாக இருந்த மனிதர், வெளிச்சம் தெரியும் தூரத்தில் கயிற்றை நழுவவிடுகிறார். அந்த நொடியில் மேலே நிற்பவர் பக்கத்து வள்ளத்தாரோடு பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்தது. வந்துவிட்டோம் என்று மனம் தளரும் இடத்தில்தான் காவல் அதிகம் வேண்டியிருக்கிறது.

ஆகவே யார் கையில் கயிற்றைக் கொடுப்பது என்பது வெறும் தொழில்முறை முடிவாக இருக்க முடியவில்லை. குளிப்பவரின் மனைவியோடு பிறந்தவனே, அதாவது மச்சானே, கயிறு பிடிக்க வேண்டும் என்ற வழக்கத்தை முத்துக்குளிப்போடு சேர்த்து இன்றும் சொல்கிறார்கள். மலைப்பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் மக்களிடமும் இதே வழக்கம் உண்டு. மலையேறிப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழிக்கு இந்த வழக்கத்தை வைத்து விளக்கம் சொல்வார்கள். காரணம் வெளிப்படையானது. தம்பிக்கு அண்ணனின் சொத்தில் பங்கு உண்டு, மச்சானுக்கு அப்படி எதுவும் இல்லை. கயிறு நழுவினால் அவனுடைய அக்காளோ தங்கையோ தாலியறுப்பாள். இவன் நல்லவன் என்பதை மட்டும் நம்பிக் கயிற்றைக் கொடுக்கவில்லை. தன் இழப்பு அவனுக்கும் இழப்பாகும்படி ஒரு கட்டு ஏற்கெனவே இருக்கிறது என்பதை அறிந்து கொடுத்தார்கள். நம்பிக்கை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைப்பது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காரணம் தெரிந்து வைத்த நம்பிக்கை எந்த வகையிலும் குறைந்த நம்பிக்கை ஆகாது.

கடல்கட்டியின் கதை வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெருமீன்கள் குளியாட்களைத் தாக்காதபடி மந்திரித்த பிராமணர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு, இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரவாதிகளுக்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், மீன்கள் மறுபடி தம் இயல்புப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் பதிவு.

1535 முதல் 1537 வரை பரதவர் பெருந்திரளாகக் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, ஊர் ஊராகத் தமிழில் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்வித்தார். 1555இல் மணிலாவிலிருந்து பனிமய மாதாவின் திருவுருவம் தூத்துக்குடிக்கு வந்ததாக மரபு சொல்கிறது. கடலோடிகளின் கண்ணீரும் நேர்த்திக்கடனும் அந்த அன்னையிடம் போய்ச் சேரலாயின. ஆனாலும் கடல்கட்டி மறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் குளிப்பைக் கண்ட எமர்சன் டென்னென்ட், பரம்பரைக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் அப்போது ரோமன் கத்தோலிக்கராக இருந்ததையும், அதனால் மந்திரத்தின் பலன் குறையும் என்று எவரும் எண்ணாததையும் குறித்திருக்கிறார். அந்தத் தலைவர் உடல்நலம் இல்லாமல் வராதபோது ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திர ரகசியம் எதுவும் தெரியாது என்றும், பெரியவரின் ஆளாகத் தான் வந்து நிற்பதே சுறாக்களுக்குப் போதும் என்றும் அந்தப் பதிலாள் சொன்னாராம்.

கடல்கட்டி தொழில் செய்த விதத்தை 1807இல் வெளிவந்த நூலில் ஜேம்ஸ் கார்டினர் பதியவைத்திருக்கிறார். இருவர் பணியில் இருந்தார்கள். ஒருவர் தலைமை வழிகாட்டியின் வள்ளத்தில் போவார். மற்றவர் கரையில் ஒரு அறைக்குள் ஆடையின்றி அடைந்திருப்பார். வள்ளங்கள் போனதிலிருந்து திரும்பும்வரை எவர் கண்ணிலும் படக் கூடாது. அவர் முன்னால் தண்ணீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம், அதில் வெள்ளியில் செய்த ஆண் மீன் ஒன்றும் பெண் மீன் ஒன்றும். கடலில் சுறாவால் தீங்கு நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. கடல்கட்டிக்கு மனக்குறை வந்தால் சுறாவை ஏவிவிடவும் வல்லவர் என்றும் நம்பினார்கள். அதனால் அவருக்குக் காணிக்கை தவறாமல் வந்தது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு நகர்வது எளிது. அப்படித் தள்ளினால் ஒரு முக்கியமான செய்தி கைநழுவும். பிரிட்டிஷார் ஆட்சி தொடங்கிய பிறகு, தாம் எழுதும் காலம் வரை இலங்கை முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்ததாக உறுதியாகத் தெரியும் விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்று டென்னென்ட் எழுதினார். அதற்கு அவர் காட்டும் காரணம் மந்திரம் அல்ல. ஏராளமான வள்ளங்கள் ஒரே பாரில் கூடுவதும், ஆட்களின் கூச்சலும், கற்கள் ஓயாமல் தண்ணீரில் விழுவதும் சுறாவை விரட்டின. இங்கே ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தை ஒன்றாக வைத்திருந்ததில் கடல்கட்டிக்கும் பங்கு உண்டு. அவர் சொல் இல்லாமல் எவரும் இறங்கவில்லை. மந்திரம் பகலோடு முடிவதால், திருட்டுத்தனமாக இரவில் தனியே குளிக்கப் போகிறவருக்குக் காவல் இல்லை. எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கை மந்திரத்தின் மீதிருந்த பயமும் காத்தது. அச்சத்தில் கைகால் விறைக்கும் மனிதருக்கு மூச்சும் சீக்கிரம் தீரும். கடல் கட்டப்பட்டது என்று நம்பி அமைதியாக இறங்கியவர் உண்மையிலேயே கொஞ்சம் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். சொன்ன காரணம் தவறாக இருந்தபோதும், அதோடு ஒட்டிவந்த பழக்கம் பலனளித்திருக்கிறது.

கோளாறு தொடங்குவது விபத்து நேர்ந்த பிறகு. 1797ஆம் ஆண்டுக் குளிப்பைப் பற்றி எழுதிய லெ பெக், முந்தைய ஒரு குளிப்பில் ஒருவர் சுறாவிடம் காலை இழந்ததையும், தலைமைக் கடல்கட்டியை அழைத்துக் கணக்குக் கேட்டதையும் சொல்கிறார். மலபார்க் கரையில் கொல்லத்திலிருந்து ஒரு கிழச் சூனியக்காரி வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள், தான் அறியுமுன் அது பலித்துவிட்டது, ஆனால் இப்போது சுறாக்கள் வாயே திறக்க முடியாதபடி கட்டிவிட்டேன் என்பது அவர் பதில். கால் போனவரின் கால் மந்திரம் பொய் என்பதற்குச் சான்றாகவில்லை, மந்திரத்தின் வல்லமைக்கு மேலும் ஒரு விளம்பரமாக மாறிவிட்டது. கயிறு பிடித்தவருக்கு இப்படித் தப்ப வழி கிடையாது. கயிறு அறுந்ததா, கை நழுவியதா, கவனம் சிதறியதா என்று பக்கத்து வள்ளத்துக்காரர்கூடச் சொல்லிவிடுவார். ஒரு காவல் நம்பத்தக்கதா என்பதை, அது தவறினால் யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்த அளவையில் கடல்கட்டி தேறவில்லை.

இந்தக் கரையில் வேரூன்றிய சமய மரபுகள் கயிற்றின் பக்கமா, மந்திரத்தின் பக்கமா என்று பார்த்தால், அவற்றின் ஆழ்ந்த சிந்தனையாளர்கள் கயிற்றை விடச் சொல்லவே இல்லை. பாலைவனச் சோதனையில், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று அலகை இயேசுவிடம் சொல்கிறது. கடவுளைச் சோதிக்கலாகாது என்று அவர் மறுக்கிறார். இதை விரித்த தாமஸ் அக்குவினாஸ், தன்னைக் காத்துக்கொள்ளக் கைவசம் வழி இருந்தும் அதை விட்டுவிட்டு இறைவன் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று ஆபத்தில் இறங்குவது இறைவனைச் சோதிக்கும் பாவம் என்றார். கயிற்றைச் சரிபார்க்காமல் மாதாவின் பெயரைச் சொல்லிக் குதிப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். பக்தி கூடுதலாக இருப்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

கீழக்கரைக் குளியாட்கள் அறிந்திருந்த நபிமொழி இன்னும் நேரடியானது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு ஒப்படை என்ற பொருளில் நபிகள் பதில் சொன்னதாகத் திர்மிதீ தொகுப்பில் வருகிறது. தவக்குல் என்ற இறைச்சார்பு, முயற்சி முடிகிற இடத்திலிருந்து தொடங்குகிறது. முயற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

வைணவத்தில் கேள்வி சற்றுச் சிக்கலானது. நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி தூத்துக்குடிக்குப் பக்கம்தான். அந்த மரபில் வந்த வடகலையார், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். தென்கலையார், தாய் வாயால் கவ்விப் போகும் பூனைக்குட்டியைச் சொன்னார்கள். இறைவனின் அருளுக்கு உயிர் தன் பங்காக எதையேனும் செய்ய வேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா என்பதே வழக்கு. பூனைக்குட்டி நெறியைக் கேட்டவர், அப்படியானால் கயிறும் வேண்டாம்தானே என்று முடிவுக்கு வந்துவிடக்கூடும். அது பிழை. தென்கலையின் ஆசாரியரான பிள்ளை லோகாசாரியார் பேசுவது வீடுபேற்றைப் பற்றி. உடலைக் காப்பதிலும் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமையிலும் கைகட்டி நிற்கும்படி அவர் எங்கும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை வேறொரு கேள்விக்குச் சூட்டும்போதுதான் இந்தக் குழப்பம் பிறக்கிறது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். குளிப்புக்கு இது அப்படியே பொருந்தும். கடலும் வள்ளமும், குளியாள், கல்லும் கயிறும், இழுப்பவரின் கவனம், இத்தனையும் சரியாக இருந்த பிறகும் மனிதர் கணக்கில் அடங்காத ஒன்று. ஐந்தாவது இருப்பதால் முதல் நான்கும் தள்ளுபடி ஆகிவிடுவதில்லை.

திருக்குறளில் ஊழ் என்றும் ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம். முன்னதில் ஊழைவிட வலியது எது என்று கேட்கும் வள்ளுவர், பின்னதில் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். இந்த முரணைத் தீர்க்கப் பல உரைகள் எழுதப்பட்டுள்ளன. தொழில் செய்கிறவரின் இடத்திலிருந்து பார்த்தால் இதில் பெரிய முரண் இல்லை. கடலில் இறங்குமுன் முயற்சியைப் பற்றிய அதிகாரம் வேண்டும். முடிந்த அனைத்தையும் செய்தும் இழந்தவருக்கு ஊழைப் பற்றிய அதிகாரம் வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் பேதைமை என்கிறார். வீரத்தோடு அதைச் சேர்க்கவில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பார்களில் சிப்பி பழையபடி விளையவில்லை. கடல்கட்டிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் சங்குகுளி நிற்கவில்லை. கண்ணாடியும் துடுப்புக்காலும் மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குவதோடு, வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு நீண்ட குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு அடியில் வேலை செய்யும் முறையும் வந்துவிட்டது. கயிற்றின் இடத்துக்குக் குழாய் வந்தது, கயிறு பிடித்தவரின் இடத்துக்குக் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். ஆபத்தின் வகையும் மாறியது. எஞ்சினின் புகை காற்று உறிஞ்சும் வாய்ப்பக்கம் திரும்பினால் கார்பன் மோனாக்சைடு நேரே குளியாளின் நுரையீரலுக்குப் போகும். அடியில் நெடுநேரம் இருப்பவரின் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. அவர் மெதுவாக, நின்று நின்று மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டுவலியில் தொடங்கிக் கால் விழுந்துபோவது வரை, சில வேளை உயிர் போவது வரை அது கொண்டுபோகும். பழைய குளிப்பில் வேகமாக இழுப்பது காவலாக இருந்தது. கம்ப்ரசர் குளிப்பில் அதே வேகம் கொல்லும். பழைய அனுபவத்தை மட்டும் நம்பி மேலே நிற்பவர் நல்லெண்ணத்தோடேயே ஓர் உயிரைக் கெடுத்துவிடக்கூடும். அன்பு மட்டும் போதும் என்றிருந்தால் மச்சான் என்றும் நல்ல காவல்தான். குழாயைப் பிடிக்க வந்தவருக்கோ ஆழத்துக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தில் நிற்பதே அறத்தின்படி ஒரு குற்றம். வலைப்பை நிறையும்வரை அடியிலேயே இருக்கச் சொல்லி அனுப்பும் வள்ள உடைமையாளரான சம்மாட்டிக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

மரணம் நேர்ந்த பிறகு விதியின் பேச்சு வரும். அதை யார் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவன் விதி அப்படி என்று தேற்றிக்கொண்டால் அதில் குறைகாண எவருக்கும் உரிமை இல்லை. தான் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டவர் அதையே சொன்னால் அது கொல்லத்துச் சூனியக்காரியின் கதைக்கு மறுபதிப்பு. சமயங்கள் இந்த இடத்திலும் கறாராக இருந்திருக்கின்றன. எண்ணாமல் நேர்ந்த கொலைக்கும் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும், தவறியவர் பரிகாரமும் செய்ய வேண்டும் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. குடும்பத்தார் தாமாக மன்னித்தால் மட்டுமே இழப்பீடு விலகும். தர்மசாஸ்திரங்கள் அறியாமல் செய்த கொலைக்கும் பிராயச்சித்தம் வகுத்தன. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், தக்க காரணமின்றி நடந்துகொண்டு மரணத்துக்கு வழிவகுத்தவர், கொல்லும் நோக்கம் இல்லை என்பதால் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை என்று சொல்கிறது. இந்த மூன்றில் எதன்படி வாழ்கிறவராக இருந்தாலும், கம்ப்ரசரை ஓட்டியவரும் வள்ளத்தின் உடைமையாளரும் அந்தக் குடும்பத்துக்குக் கடன்பட்டவர்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவும் வீட்டின் அன்றாடச் செலவும் அந்தக் கடனில் சேரும். பூசைக்கும் மந்திரிப்புக்கும் கொடுத்த காணிக்கையை அதில் கழித்துக்கொள்ள இடமில்லை.